4 இரவுக்குப் போய் 13 இரவு: தீம் பார்க் ரிசார்ட்டில் கொரோனாவோடு மாட்டிய கதை

2022 ஜனவரியில், ஒமிக்ரான் வகைக் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போனேன். போனது 4 இரவுக்கு. திரும்பும்போது 13 இரவு முடிந்திருந்தது. அதில் பார்க்குக்குள் கால் வைத்தது ஒன்றரை நாள். மற்றதெல்லாம் அறைக்குள்தான். போவதற்கு முன்னால் எந்த ரைடு நன்றாக இருக்கும், எந்த வரிசை சீக்கிரம் நகரும், எந்த மூலையில் நின்றால் போட்டோ அழகாக வரும் என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். "அங்கே பாசிட்டிவ் வந்தால் என்ன ஆகும்?" என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் திட்டுவீர்கள். ஊரடங்கு தொடங்கியபோது மகளுக்கு ஐந்து வயது. அந்த பார்க்கின் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்று எங்கோ பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து படுக்கையறைக் கதவோரம் பென்சில் கோடுதான். மாதத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் தேதி. 2021 டிசம்பரில் கோடு 122-ஐத் தொட்டது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டிருந்தேன், அவளுக்கு அப்போது இன்னும் போடவில்லை. தங்கை குடும்பமும் வருவதாக இருந்தது. கடைசி வாரத்தில் அவர்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து நின்றுவிட்டார்கள். அப்போதே நானும் நின்றிருக்கலாம். ஆனால் நான் எடுத்திருந்தது பணம் திரும்ப வராத கட்டணம். 15 சதவீதம் குறைவு என்று ஆசைப்பட்டு எடுத்தது. அந்த 15 சதவீதம்தான் என்னைப் போக வைத்தது என்று இப்போது புரிகிறது. ரத்து செய்ய முடியாத அறையை வைத்துக்கொண்டிருப்பவர் தொண்டை கரகரத்தாலும் "வெறும் சளிதான்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். தொற்று பரவும் காலத்தில் ரத்து வசதி உள்ள கட்டணத்துக்குக் கொடுக்கும் அதிகப் பணம் வீண் இல்லை, தெளிவாக முடிவெடுக்கக் கொடுக்கும் விலை அது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பார்க்கே திடீரென்று மூடப்படலாம். 2020 ஜூன் 18-ல் மறுபடி திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்ட் ஒரு மாதம்கூட ஓடாமல் ஜூலை 15-ல் மூடியது. அந்த ஜூலையில் திறந்த பாரிஸ் டிஸ்னிலேண்ட் அக்டோபர் இறுதியில் மறுபடி பூட்டிக்கொண்டது. ஷாங்காய் டிஸ்னிலேண்டில் 2021 அக்டோபர் 31 அன்று, முந்தைய நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் உள்ளே இருந்த 33,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரிசோதனை எடுத்துத்தான் வெளியே விட்டார்கள். ஒரு பக்கம் வாணவேடிக்கை, மறுபக்கம் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் மூக்கில் குச்சி விடுகிறார்கள். அந்தப் படங்களை நானும் பார்த்தேன், தங்கைக்கு அனுப்பிச் சிரிக்கவும் செய்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் நானே அறையை முன்பதிவு செய்தேன். மனிதப் புத்தி அவ்வளவுதான்.

முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். கையில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டினார்கள். அறைக் கதவும் அதுதான், பார்க் வாசலும் அதுதான், சாப்பாட்டுக் கணக்கும் அதுதான். இரண்டாம் நாள் முழுக்க பார்க்கில். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி பிடித்தார்கள். அதை நம்பி எனக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்திருக்கவே கூடாது. அறிகுறி தெரிவதற்கு முன்பே தொற்றைப் பரப்பக்கூடியவரை எந்த வெப்பமானியும் பிடிக்காது. திறந்தவெளி ரைடுகளைப் பற்றி எனக்கு இப்போதும் பெரிய பயம் இல்லை. காற்று முகத்தில் அறையும் இடத்தில் என்ன தங்கப் போகிறது? பயப்பட வேண்டியவை வேறு. இருட்டு அரங்குக்குள் வளைந்து வளைந்து போகும் வரிசை, ஜன்னல் திறக்காத ரிசார்ட் பேருந்து, எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்காரும் காலை உணவுக் கூடம். எங்களுக்கு எங்கே ஒட்டியது என்று சொல்ல முடியாது. ஒமிக்ரான் சுமார் மூன்று நாளில் வெளிப்படும் என்பார்கள். அந்தக் கணக்கில் கிளம்பிய அன்று பயணத்திலேயேகூட ஒட்டியிருக்கலாம். அந்த இரண்டாம் நாள் பெரிய கோஸ்டருக்கு இரண்டு மணி நேர வரிசை. "நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடலாம்" என்று மகளை இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பின்னால் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காலை பார்க் திறந்ததும் உள்ளே போனோம். கோஸ்டர் ஏதோ கோளாறு என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் மகள் "கால் வலிக்குது" என்றாள். அறைக்கு வந்து தொட்டுப் பார்த்தேன், நெருப்பு. பையில் கொண்டுபோயிருந்த ஆன்டிஜன் கிட்டில், அதாவது நாமே எடுத்துப் பார்க்கும் கொரோனா டெஸ்டில், பாசிட்டிவ் என்று சொல்லும் இரண்டாவது கோடு, பதினைந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை, பளிச்சென்று விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அப்புறம் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அறையிலேயே படுத்திருந்துவிட்டு, தேதிப்படி கிளம்பிப் போய்விட்டால்? ஐந்து நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பதாக மனசில் வந்தது. போனை எடுத்து ரிசப்ஷனைக் கூப்பிட்டுவிட்டேன்.

அங்கேதான் முதல் தவறு. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன், "நர்ஸ் நாளைக்கு வருவார்" என்றார்கள், "சரி" என்று வைத்துவிட்டேன். அப்போது அங்கே விதி, பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து 7 நாள் தனிமை. ஆனால் நீங்களே எடுத்துக்கொண்ட டெஸ்ட் கணக்கில் சேராது. நர்ஸோ ஆய்வகமோ எடுத்துப் பதிவு செய்த தேதிதான் முதல் நாள். நர்ஸ் நாலாம் நாள் வந்ததால் எங்கள் கணக்கு ஒரு நாள் தள்ளித் தொடங்கியது. ஒரு நாள் என்றால் ஒரு நாள் வாடகை, ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் விடுப்பு. பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே அதிகாரபூர்வமான பரிசோதனைக்கு அடம்பிடியுங்கள். ரிசல்ட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா, மாதிரி எடுத்த தேதி போட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மகளின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தி வாங்க மூன்று மின்னஞ்சல் ஆனது.

நர்ஸ் போன அரை மணி நேரத்தில் கைப்பட்டைகளை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுக்கக் கதவைத் திறந்தபோது மகள் வெளிப்பக்கம் பட்டையை வைத்துப் பார்த்தாள். பச்சை எரியும் இடத்தில் சிவப்பு. மறுபடி வைத்தாள், மறுபடி சிவப்பு. "அம்மா, நம்ம பட்டை செத்துப்போச்சா?" என்றாள். அதுவரை அழாமல் இருந்த நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தங்கை போனில், "அக்கா, நான் கிளம்பி வரட்டுமா?" என்றாள். "வந்தா உன்னையும் சேர்த்துப் பூட்டிடுவாங்க, பேசாம இரு" என்றேன். வந்தால் தேவலை என்றுதான் உள்ளுக்குள் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அடுத்த இடி. அறையை அடுத்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது, காலி செய்ய வேண்டும். தனிமைப்படுத்துவதற்கென்று ரிசார்ட்டின் கடைசியில், ஆள் குறைவால் மூடி வைத்திருந்த ஒரு கட்டடத்தைத் திறந்திருந்தார்கள். அங்கே மாற்றினார்கள். வாடகை? நான் முன்பதிவில் எடுத்த விலை இல்லை, அன்றைய நாளின் முழு விலை. நீங்கள்தானே தங்கச் சொல்கிறீர்கள், வெளியே போகவும் விடமாட்டேன் என்கிறீர்கள், அப்புறம் என்ன முழு விலை என்று கேட்டேன். "அரசு விதி மேடம்" என்றார்கள். அரசு விதி தனிமையைத்தான் சொன்னது, விலையைச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் காய்ச்சலோடு குழந்தை படுத்திருக்கும்போது யாருக்கு வாதாடத் தெம்பு இருக்கும்? முன்பதிவு செய்யும் முன்பே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் அதே அறையில் இருக்கலாமா, இல்லையென்றால் எங்கே மாற்றுவீர்கள், எந்த விலைக்கு? போனில் இனிமையாகப் பேசுபவர் நாளைக்கு வேறு ஷிஃப்டில் இருப்பார். மின்னஞ்சல் எங்கேயும் போகாது.

அந்தக் கட்டடத்தின் ஒரே நல்ல விஷயம் ஜன்னல். பத்து சென்டிமீட்டர்தான் திறக்கும், ஆனால் திறக்கும். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே பெரிய கோஸ்டர். மகள் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க எண்ணினாள். ஏற்றம் ஏறும்போது டக் டக் டக் என்ற சங்கிலிச் சத்தம், உச்சியில் ஒரு நொடி அமைதி, அப்புறம் கூச்சல். "இந்தத் தடவை நிறையப் பேர் கத்தலம்மா, பயப்படாதவங்க போல" என்பாள். மழை வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அன்று அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி தெரிந்ததைப் பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை.

தீம் பார்க் ரிசார்ட்டில் அறையை நாம் தூங்குவதற்கு மட்டும் என்று நினைத்து எடுக்கிறோம். பார்க்குக்கு எவ்வளவு பக்கம், நீச்சல் குளம் உண்டா, சுவரில் என்ன கார்ட்டூன் படம், இதுதான் பார்க்கிறோம். தொற்றுக் காலத்தில் அறையை நோயாளி படுக்கும் இடமாக நினைத்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஜன்னல் திறக்குமா? கதவு மூடிய நடைபாதைக்குத் திறக்கிறதா, வெளிக்காற்றுக்கா? வெந்நீர் கெட்டில், சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறதா? இரண்டு தனிக் கட்டிலா, ஒரே பெரிய கட்டிலா? பால்கனி இருந்தால் அதற்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம் என்று இப்போது சொல்வேன். முதல் அறையில் கெட்டில் இல்லை, இரண்டாவதில் இருந்தது. அந்த ஒரு கெட்டில் எங்களைக் காப்பாற்றியது. மூன்று வேளையும் காகிதப் பையில் சாப்பாடு கதவுக்கு வெளியே வரும், தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். பெரிய சமையலறையிலிருந்து கடைசிக் கட்டடம் வரை வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். காய்ச்சல் வாய்க்கு ஆறிய ரொட்டி இறங்குமா? சூப் பொட்டலங்களும் வெந்நீரும்தான் ஓடியது. அவற்றையும் நான் கொண்டுபோகவில்லை, இரவு ஷிஃப்டில் இருந்த ஒரு பையன் தன் கைக்காசில் வாங்கிப் பையில் போட்டு அனுப்பினான். தினமும் பத்து மணிக்குப் போன் செய்து "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டதும் அவன் ஒருவன்தான். துப்புரவுக்கு ஆள் வர மாட்டார்கள். துணியெல்லாம் வாஷ்பேசினில் ஷாம்பூ போட்டுத் துவைத்தேன். நாலு நாள் துணியை வைத்துக்கொண்டு 13 நாள்.

ஆறாம் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் கொண்டுபோயிருந்தேன், அதில் எனக்கு ஏகப் பெருமை. 94-க்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நடுராத்திரி இரண்டு மணிக்கு மகள் விரலில் மாட்டினேன், 89. இன்னொரு விரல், 88. எனக்குக் கை கால் ஓடவில்லை. மகளை எழுப்பினால் "தூக்கம் வருதும்மா" என்று திரும்பிப் படுக்கிறாள், மூச்சும் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவசர எண்ணுக்குப் போன் போட்டுவிட்டேன். எடுத்த அம்மா நிதானமாகக் கேட்டார்: "குழந்தை நகத்துக்கு ஏதாவது பூசியிருக்கா?" பார்த்தால் பத்து விரலிலும் அடர் நீல நெயில் பாலிஷ், பயணத்துக்கென்று ஆசையாக நானே போட்டுவிட்டது. அடர் நிறப் பூச்சு இருந்தால் கருவியின் ஒளி சரியாக ஊடுருவாமல் அளவு குறைத்துக் காட்டும். கால் கட்டைவிரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டச் சொன்னார். 97. அந்த அம்மா போனை வைக்கும்வரை எனக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. ஆக, வெப்பமானி, ஆக்ஸிமீட்டர், குழந்தையின் எடைக்கு எவ்வளவு பேராசிட்டமால் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு, குறைந்தது பத்து ஆன்டிஜன் கிட், எல்லாம் எடுத்துப் போங்கள். நகப்பூச்சை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெரியவர்களின் ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்கென்று குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது ஆபத்து.

மகளுக்கு ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று மதியம் எனக்குத் தொண்டையில் முள். என் டெஸ்டும் பாசிட்டிவ். இந்த முறை நர்ஸை அன்றே வரவைத்தேன், அந்தப் பாடமாவது படித்திருந்தேன். ஆனால் எனக்கு அன்றிலிருந்து தனியாக 7 நாள். மகளின் கணக்கு 11-ஆம் நாள் காலை முடிந்தது, என்னுடையது 14-ஆம் நாள் காலை. நடுவில் மூன்று நாள் அவள் சட்டப்படி சுதந்திரமானவள். எங்கே போவாள், யார் கூட்டிப்போவார்கள்? குடும்பமாகப் போனால் தொற்று எல்லாருக்கும் ஒரே நாளில் வராது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், கணக்கும் அப்படியே நீளும். இது தெரியாமல் மகளுக்குப் பாசிட்டிவ் வந்த அன்றே அவசரப்பட்டு விமானத் தேதியை 12-ஆம் நாளுக்கு மாற்றியிருந்தேன். கட்டணமில்லாமல் மாற்ற இருந்த ஒரே வாய்ப்பு அதிலேயே போனது. இரண்டாவது தடவை மாற்றப் புது டிக்கெட் அளவுக்குக் கொடுத்தேன். கடைசி ஆளுக்கு நெகட்டிவ் என்று உறுதியாகும்வரை டிக்கெட்டைத் தொடாதீர்கள். அதேபோல் திரும்பும் முன் பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனை எடுக்கலாம் என்று இருந்தேன். வீடியோவில் பார்த்த மருத்துவர், "வேண்டவே வேண்டாம், குணமான பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட அதில் பாசிட்டிவ் காட்டும்" என்றார். அவர் கொடுத்த குணமடைந்த சான்றையும் பழைய பாசிட்டிவ் ரிசல்ட்டையும் விமான நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்த ஆலோசனை கிடைக்காமல் இருந்திருந்தால் 13 இரவு 20 ஆகியிருக்கும்.

பணக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். போட்ட பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே செலவானது. திரும்பி வந்தது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு, அதுவும் ஐந்து மாதம் கழித்து. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன். கொரோனா ஏற்கெனவே உலகத்துக்கே தெரிந்த நிகழ்வு, அதனால் பயணம் தடைப்பட்டதற்கு இழப்பீடு இல்லை, மருத்துவச் செலவு மட்டும்தான் என்று பொடி எழுத்தில் இருந்தது. தனிமைப்படுத்தலில் தங்கும் செலவுக்கு இழப்பீடு உண்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று தனியாகக் கேளுங்கள். எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று ஒரு வகைக் காப்பீடு உண்டு, ஆனால் அதிலும் பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்ப வரும், கிளம்பும் முன் ரத்து செய்தால்தான் வரும். பாதி வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. பயன்படுத்தாத பார்க் டிக்கெட்டுக்குப் பணம் தராமல் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தும்படி வவுச்சர் கொடுத்தார்கள். அறையை ஒரு இடைத்தரகு தளத்தில் எடுத்திருந்ததால், ரிசார்ட்டைக் கேட்டால் தளத்தைக் கேள் என்றார்கள், தளத்தைக் கேட்டால் ரிசார்ட்டைக் கேள் என்றார்கள். கொஞ்சம் விலை கூடினாலும் நேராக ரிசார்ட்டிலேயே எடுத்திருக்க வேண்டும். அந்த நாலில் ஒரு பங்கு வந்ததும் நான் நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்திருந்த குறிப்பினால்தான்: யாரைக் கூப்பிட்டேன், என்ன சொன்னார்கள், எப்போது அறை மாற்றினார்கள். முதல் அறையில் கைக்குக் கிடைத்த கார்ட்டூன் போட்ட நோட்டுப் பேப்பரில் எழுதியது. அதையே படம் எடுத்து அனுப்பினேன்.

14-ஆம் நாள் காலை கைப்பட்டையை மறுபடி உயிர்ப்பித்தார்கள், கணக்கு முடிப்பதற்காக. மகள் கதவில் வைத்தாள், பச்சை. எங்கள் பார்க் டிக்கெட்டின் தேதி எப்போதோ முடிந்திருந்தது, புதிதாக எடுக்க என்னிடம் பணமும் இல்லை, இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க உடம்பில் தெம்பும் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று முந்தைய ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. டாக்ஸியில் ஏறினோம். வெளி வாசலுக்குப் போகும் சாலை கோஸ்டருக்கு அடியிலேயே போகும். டக் டக் டக் என்று சங்கிலிச் சத்தம் கேட்டதும், காட்டலாம் என்று திரும்பினேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.